நந்தன் தீயில் எரிந்தது எது?

"நான் யார்?" என்னும் வினாவே ஆன்ம விசாரத்தின் தலைவாயில் என்பர். உடல் நானல்லேன், பெயர் நானல்லேன், குலம் நானல்லேன் என ஒவ்வொன்றாகக் களைந்து செல்வோன் ஈற்றில் மெய்ப்பொருளை உணர்வான் என்பது ஞானியர் கூற்று. இவ்விசாரத்தின் உயர்வை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயின், குலத்தைக் களையும்படி கேட்கப்பட்டவர் யார், கேளாது விடப்பட்டவர் யார் என்று ஆராய்வது இலக்கிய மாணவனின் கடமையாகும். இவ்வாராய்ச்சிக்கு நந்தன் கதை மிகவும் பொருத்தமானது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்தவர். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலினுள்ளே முழங்கிற்று; கொடுத்தவரோ வாயிற்புறத்தே நின்றார். திருப்புன்கூரிலே அவர் கண்டு தொழும்பொருட்டு நந்தி விலகிற்று என்கிறது புராணம். நந்தி விலகிற்றேயன்றி அவரைப் புறத்தே நிறுத்திய மதில் விலகவில்லை. தில்லையை அடைந்த பின்னரும் அவர் எல்லையை வலம்வந்தாரேயன்றி உட்புகத் துணிந்தாரல்லர். இறைவன் கனவிலே தோன்றித் தீயில் மூழ்கி வருமாறு பணித்தான். தீயினின்றும் எழுந்தவர் பூணூலும் சடையும் விளங்கும் முனிவராய்க் காட்சியளித்தார். அந்தணர் கைதொழுதனர்.

நமது ஐயம் இங்கேதான் எழுகின்றது. குலம் என்பதே பொய்யாயின், அது நீங்கிய மேனியிலே மற்றொரு குலத்தின் சின்னமாகிய பூணூல் ஏறியது எங்ஙனம்? அத்தீயிலே சாதி எரியவில்லை. நந்தனுடைய சாதி மட்டுமே எரிந்தது. "உமது குலத்தையும் இத்தீயில் இட்டுவிட்டு வருக" என்று தில்லைவாழந்தணரை நோக்கி எவரும் கூறினாரல்லர். அவர்களுக்கு இடப்பட்ட பணி தீ அமைத்துக் கொடுப்பதே. உட்சென்ற நந்தனோ மீளவில்லை. கூத்தன் திருவடியிலே கலந்தார். பத்தியின் நோக்கில் அது பெரும்பேறு. சமுதாய நோக்கில் பார்ப்பின், அவர் பிறந்த சேரிக்கும் உரியவரல்லராயினார். தம்மைத் தொழுத கூட்டத்திலும் ஒருவராயினாரல்லர். புலைப்பாடி முன்போலவே வாயிற்புறத்தே நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கியபோது, புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணையாராகக் கொண்டுவந்தார். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் பண்ணையாளை நோக்கி, நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவ்வேதியர். சாதியின் வேர் நிலத்திலே ஓடுவதைக் கண்ட கலைஞன் பாரதியார் என்பதற்கு இஃதொன்றே சான்று. ஆயின் அவரும் தாம் கண்ட உண்மையை இறுதிவரை தொடர்ந்தாரல்லர். இறையருளால் ஓரிரவிலே வேலை முடிகின்றது. வேதியர் நந்தன் காலில் விழுகின்றார். அடுத்த போகத்திலே அந்நாற்பது வேலியையும் உழவேண்டியவர் யார் என்ற வினா எழாமலே கதை முடிகின்றது.

ஆன்மிக மரபு முழுவதும் இத்தகையதே எனக் கூறுதல் நேர்மையாகாது. சிவவாக்கியர் முதலிய சித்தர்கள், நீ யார் என்ற வினாவை ஒடுக்கப்பட்டோனை நோக்கிக் கேளாமல், உயர்குலம் பேசியோனை நோக்கிக் கேட்டனர். ஆன்ம விசாரத்தை அவர்கள் உரிய வாயிலிலே கொண்டுபோய் நிறுத்தினர்.

நமது யாழ்ப்பாணத்துக்கும் இக்கதைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். கோயில்களிலே புராணபடனம் வழிவழியாக நடைபெற்று வந்துள்ளது. நந்தனுக்காகக் கண்ணீர் உகுத்த ஊரிலேயே நந்தனின் இனத்தார் வெளிவீதியிலே நிறுத்தப்பட்டனர். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே மக்கள் நின்று போராட வேண்டியதாயிற்று. அங்கு வந்தோர் தீ வளர்க்கும்படி கேட்கவில்லை. தாம் தாமாகவே உட்செல்லும் உரிமையைக் கேட்டனர். நந்தன் தனியராய் வந்தார். இவர்கள் ஒரு மக்கட் கூட்டமாய் வந்தனர். நந்தன் நாளை என்றார். இவர்கள் இன்று என்றனர்.

தன்னை இழத்தல் உயர்ந்த இலட்சியமாகலாம். இழப்பதற்கு முன் மனிதனாக மதிக்கப்பெறும் ஒரு "தான்" எல்லோருக்கும் இருத்தல் வேண்டும். அஃதில்லாதவனிடம் தன்னை இழக்கச் சொல்வது, இல்லாதவனிடம் வரி கேட்பதற்கு ஒப்பாகும். வகுப்பறையிலே நந்தன் கதையைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், அவர் பத்தியின் பெருமையை எடுத்துரைப்பதோடு, அந்தத் தீயைச் சுற்றி நின்றவர்கள் யாவர், அவர்கள் இழந்தது என்ன என்று மாணவரிடம் கேட்பார்களாக.