மாத்திரைக்கு எட்டாத மண்

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் வருகிறது. ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல். பெரிய பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி, பொடித்துத் தண்ணீரில் கலந்து. ஆசிரியரின் கண்முன்னே மென்று விழுங்க வேண்டும். அன்று பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. 2015 பிப்ரவரி 10 அன்று தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்று நாடு முழுவதும் ஒரு சுற்றில் 20 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதை விழுங்குகிறார்கள். உலகில் இத்தனை பெரிய மருந்து விநியோகங்கள் மிகச் சில.

முகாம் முடிந்ததும் வெளிவரும் செய்தி எப்போதும் ஒரே வடிவத்தில் இருக்கிறது: இலக்கு இத்தனை லட்சம், கொடுத்தது இத்தனை லட்சம், அடைந்தது இத்தனை விழுக்காடு. மாத்திரையின் கணக்கு அதில் சரியாக இருக்கும். புழுவின் கணக்குதான் இருக்காது. எத்தனை பிள்ளைகளின் வயிற்றில் புழு இருந்தது, எந்தப் புழு, சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா, ஊர் மண்ணில் அதன் முட்டை இன்னும் விழுந்துகொண்டிருக்கிறதா என்பவை அந்தச் செய்தியில் இடம்பெறுவதில்லை. திட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இருக்கின்றன.

முதலில் பலம். இந்த நோயில் பரிசோதனைக்கு ஆகும் செலவு மருந்தின் செலவைவிடப் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு பிள்ளையின் மலத்தையும் வாங்கி, நுண்ணோக்கியில் முட்டை தேடி, பிறகு மருந்து கொடுப்பதென்றால் ஒரு வட்டாரத்தைக்கூட முடிக்க முடியாது. மருந்தோ மலிவு, ஒரே வேளை போதும், புழு இல்லாத பிள்ளை விழுங்கினாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை. மருத்துவர் எட்டாத ஊரில்கூடப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, பெயர் எழுதிய வருகைப் பதிவேடு இருக்கிறது. கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் மணமேல்குடிக் கடற்கரைப் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து கிடைக்கிறது. பள்ளிக்கு வராதவரை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் தேடிப் போகிறார்கள். 20 முதல் 30 வயது வரையான பெண்களையும் பின்னர் தமிழ்நாடு இதில் சேர்த்துக்கொண்டது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மட்டும் விலக்கு. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் தனியே புழுநீக்க மருந்து தரும் ஏற்பாடும் உண்டு.

இந்த மருந்து தேவையா என்பதில் இரு தரப்பு வாதங்கள் இருக்கின்றன. கென்யாவின் பூசியா மாவட்டப் பள்ளிகளில் புழுநீக்க மருந்து கொடுத்தபின் பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருப்பது கால்பங்கு குறைந்தது என்று எட்வர்ட் மிகுவேலும் மைக்கேல் கிரெமரும் 2004இல் எழுதினார்கள். அதன்பின் உலகெங்கும் புழுநீக்கம் கொள்கையானது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு, ஊர் முழுக்க மருந்து கொடுப்பதால் பிள்ளைகளின் எடையிலோ இரத்த அளவிலோ படிப்பிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்று திரும்பத் திரும்ப முடிவு சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. எடையிலும் இறப்பு விகிதத்திலும் வேறுபாடு தெரியவில்லை.

இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். வயிற்றில் புழு மிகுந்த பிள்ளைக்கு இந்த மாத்திரை பெரிய விடுதலை. புழு குறைவாக உள்ள ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தப் பயன் கரைந்துபோகும். ஆகவே மாத்திரை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஊர் தெரியாமல் விடை சொல்ல முடியாது. அன்னவாசலுக்கு ஒரு விடை, அறந்தாங்கிக்கு வேறொரு விடை இருக்கலாம். எடுத்த எடுப்பில் பரிசோதனையைத் தவிர்த்தது சிக்கனம். பத்தாண்டுகள் கடந்தும் ஊர்வாரியாகப் புழுவை எண்ணிப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது; அது முதல் குறை.

அடுத்த குறை வயதைப் பற்றியது. மண்வழிப் பரவும் புழுக்களில் தமிழ்நாட்டை அதிகம் வாட்டுவது கொக்கிப்புழு. உருண்டைப்புழுவின் முட்டை வாய்வழியே நுழைகிறது. கொக்கிப்புழுவின் குஞ்சோ வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தம் உறிஞ்சுகிறது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது வாரக்கணக்கில் காத்திருக்கும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டங்களையும் வாழை, தென்னந்தோப்புகளையும் நினைத்துப் பார்த்தால், அப்படிப்பட்ட மண்ணில் விடியற்காலையில் வெறுங்காலோடு நிற்பவர் யார் என்பது விளங்கும். பூப்பறிப்பவர்கள், களையெடுப்பவர்கள், நூறு நாள் வேலையில் வரத்து வாய்க்கால் வெட்டுபவர்கள். பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய பெண்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2017 முதல் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய ஆய்வின் தொடக்கக் கணக்கெடுப்பு இதை உறுதி செய்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கொக்கிப்புழு இருந்தது. வயது ஏற ஏறத் தொற்றும் ஏறியது. அதாவது பள்ளிப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அதிகம் சுமக்கும் அம்மாவையும் அப்பாயியையும் விட்டுவிடுகிறோம். அவர்களிடமிருந்து முட்டை மண்ணுக்குப் போகிறது. மண்ணிலிருந்து புழு பிள்ளையின் காலுக்கு வருகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அத்தனையும் புழுவால் வந்ததல்ல; சோறும் பிரசவமும் மாதவிலக்கும் அதில் உண்டு. ஆனால் புழு ஒரு பங்கு எடுக்கும் உடம்பில் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் என்ன செய்துவிடும்?

மூன்றாவது குறை மருந்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை ஏறக்குறைய முழுதாகவே வெளியேற்றுகிறது. கொக்கிப்புழுவில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் குணமாகிறார்கள். சாட்டைப்புழுவில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. குணமானவரும் அதே மண்ணில்தான் நடக்கிறார். மறுதொற்று பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஓராண்டுக்குள் உருண்டைப்புழு பழைய அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் திரும்பிவிடுகிறது என்றும் கொக்கிப்புழு பாதிக்கு மேல் திரும்புகிறது என்றும் கண்டார்கள். இதோடு எதிர்ப்புத்திறன் பற்றிய கவலையும் உண்டு. இதே வகை மருந்தைக் கணக்கின்றிக் கொடுத்ததால் உலகின் பல பகுதிகளில் செம்மறியாட்டு வயிற்றுப் புழுக்கள் அதற்குப் பணியாதவை ஆகிவிட்டன. மனிதப் புழு மட்டும் அப்படி மாறாது என்பதற்கு உத்தரவாதமில்லை. எதிர்ப்புத்திறன் வருகிறதா என்று அறியவும் முட்டையை எண்ணித்தான் ஆக வேண்டும்.

மருந்து மட்டும் போதாது என்பது புதிதல்ல. நூறாண்டுக்கு முன்னரே தெரிந்தது. அதில் புதுக்கோட்டைக்கும் பங்குண்டு. அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளின் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது. அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் புழு ஒழிப்பைத் தொடங்கியது. செனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள். புழு விழுந்தது, சில மாதங்களில் திரும்ப வந்தது. கூலிகள் குடியிருந்த லயங்களில் கழிப்பறை இல்லை. கட்டித்தரச் சொன்னால் துரைமார் செலவுக்கு அஞ்சினார்கள். மருந்து கொடுப்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை, கூலி எழுந்து வேலைக்கு வந்தால் போதும். மருந்தை மட்டும் நம்பி முடியாது என்று கண்ட பிறகு, 1926இல் களுத்துறையில் ஊர்ச் சுகாதாரம் முழுவதையும் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு அமைந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் இருக்கிறது. நரம்புச் சிலந்தி. குடிநீரிலிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சி வழியே உடலுக்குள் போய், ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளம் கிளப்பி வெளிவரும் நீண்ட புழு. அதைக் குச்சியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் ஊருணிகளும் படிக்கிணறுகளும் அதன் இருப்பிடம். நோயாளி காலை நனைத்தால் போதும், குஞ்சுகள் நீரில் கொட்டும். 1980களின் தொடக்கத்தில் இந்தியாவின் ஏழு மாநிலங்களில் அது இருந்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. ஒழிப்புத் திட்டம் 1983–84இல் தொடங்கியது. மற்ற மாநிலங்களுக்கு முன்னதாகவே தமிழ்நாடு விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று வழங்கியது.

இந்த நோய்க்கு மாத்திரையும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. அதனால்தான் அது ஒழிந்தது என்றுகூடச் சொல்லலாம். கொடுப்பதற்கு மருந்து இல்லாததால் தண்ணீரைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. ஊர் ஊராக நோயாளியைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். படிக்கிணற்றின் படியை மூடிக் கயிறு போட்டு இறைக்கும் கிணறாக்கினார்கள். கைப்பம்பு போட்டார்கள், துணியால் வடிகட்டக் கற்றுக்கொடுத்தார்கள், நீரில் மருந்து தெளித்தார்கள். அங்கே எண்ணப்பட்டது நோய். அது சுழியத்துக்கு வரும்வரை எண்ணினார்கள். குடற்புழுவுக்கு மருந்து இருக்கிறது. ஆகவே மருந்தோடு நின்றுவிட்டோம்.

நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாத்திரை யாரோடும் சண்டை போடாது. தோப்பு முதலாளியிடம் வேலையாட்களுக்குக் கழிப்பறை கட்டு என்று கேட்காது. ஊராட்சித் தலைவரிடம் எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை என்று கேட்காது. மலம் எங்கே போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நம் ஊர்களில் உடனே சாதிக் கேள்வியாகிவிடும். புதுக்கோட்டையில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. பிள்ளைகள் நோயுற்ற பிறகுதான் தொட்டியையே ஏறிப் பார்த்தார்கள். அது புழு நோயின் கதையல்ல. ஆனால் இம்மாவட்டத்தில் சுகாதாரம் என்பது வெறும் பொறியியல் அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கழிப்பறை கட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒடிசாவின் புரி மாவட்டத்தில் நூறு கிராமங்களில் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. கழிப்பறை உள்ள வீடுகள் மிகவும் கூடின, குடற்புழு குறையவில்லை. கட்டினார்கள், எல்லோரும் எப்போதும் பயன்படுத்தவில்லை. வீட்டில் கழிப்பறை இருந்தும் கொல்லைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அங்கே எதுவும் இல்லை. தொட்டி நிரம்பியதும் லாரி கொண்டுபோய்த் தரிசில் கொட்டினால் முட்டையும் அதோடு போகிறது. எனவே, ‘மாத்திரைக்குப் பதில் கழிப்பறை’ என்ற முழக்கமும் பாதி உண்மைதான். கட்டிய எண்ணிக்கை என்பது விழுங்கிய எண்ணிக்கையின் உடன்பிறப்பு.

தென்கொரியா இரண்டையும் சேர்த்துச் செய்தது. 1969 முதல் 1995 வரை பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை ஆண்டுக்கு இருமுறை சோதித்து, புழு உள்ளவருக்கு மருந்து கொடுத்தார்கள். அதே காலத்தில் மனித மலத்தை வயலுக்கு எருவாக இடும் வழக்கமும் மறைந்தது, நாடும் வசதி பெற்றது. 1971இல் மக்களில் 84 விழுக்காட்டினரிடம் புழு முட்டை இருந்தது. 1997இல் அது 2.4 விழுக்காடு. இந்த எண்களைச் சொல்ல முடிகிறதென்றால் அவர்கள் எண்ணினார்கள் என்று பொருள்.

புதுக்கோட்டையில் இது முடியாத காரியமல்ல. 2017 முதல் மாவட்டத்துக்கென அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சில ஊர்களைத் தேர்ந்து, பிள்ளைகள், வேலைக்குப் போகும் பெண்கள், முதியோர் என மூன்று தரப்பிலும் ஆண்டுக்கு ஒருமுறை மலப்பரிசோதனை செய்ய அதனால் முடியும். புழு மிகுந்த ஊரில் எல்லா வயதினருக்கும் மருந்து கொடுக்கலாம். பூந்தோட்டத்துக்கும் நூறு நாள் வேலைத் தளத்துக்குமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். புழு இல்லாத ஊரில் நிறுத்தலாம். மிச்சமாகும் உழைப்பைச் செருப்புக்கும் வேலையிடக் கழிப்பறைக்கும் கழிவு லாரியைக் கண்காணிக்கவும் திருப்பலாம்.

பழக்கம் மாறாது என்பவர்களுக்கு இந்த மாவட்டமே பதில். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களை எழுத்துக்கும் சைக்கிளுக்கும் கொண்டுவந்தது. அது மேலிருந்து வந்த ஆணையாக மட்டும் இருந்திருந்தால் நோட்டுப் புத்தகம் விநியோகித்த கணக்கோடு முடிந்திருக்கும். குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் அதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டதால் அது இயக்கமாயிற்று. புழு விஷயத்தில் அவர்களை மருந்து வாங்கும் கையாகக்கூட நாம் பார்க்கவில்லை; முப்பதோடு நிறுத்திவிட்டோம்.

ஆகவே பூச்சி மாத்திரை நாளைக் கைவிடச் சொல்வது பிழை. அடுத்த முகாமிலும் பிள்ளைகள் விழுங்கட்டும். ஆனால் முகாமுக்குப் பின் வரும் செய்தியில் இன்னொரு வரி சேர வேண்டும்: இந்த வட்டாரத்தில் சென்ற ஆண்டு நூற்றுக்கு இத்தனை பேருக்குப் புழு, இந்த ஆண்டு இத்தனை. அந்த வரியை எழுதத் தொடங்கினால், எண் குறையாத ஊரில் ஏன் குறையவில்லை என்று ஊராட்சியையும் தோப்புக்காரரையும் சுகாதாரத் துறையையும் ஒருசேரக் கேட்க வேண்டிவரும். அந்தச் சண்டையைத் தவிர்க்கும்வரை இந்தத் திட்டம் நல்ல விநியோகமாக இருக்கும். நோய் ஒழிப்பு என்ற பெயருக்கு அது இன்னும் தகுதி பெறவில்லை.