நகரத் தந்தை என்னும் சொல்

நியூ யார்க் மாநகரில் 2025 நவம்பர் 4-இல் மேயர் தேர்தல் நடைபெற்றது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். உகாண்டாவிற் பிறந்த சோரான் மம்தானி வென்றார். அதற்கு முந்திய ஆண்டு, 2024 பிப்ரவரி 5-இல், நம் கிள்ளான் அரச மாநகரத் தகுதி பெற்றது. அதற்கும் ஒரு மேயர் அமைந்தார். இரண்டையும் தமிழில் ஒரே சொல்லாற் குறிக்கிறோம். சிறப்பித்துக் கூற விழைவோர் 'நகரத் தந்தை' என்பர். அச்சொல் இரண்டுக்கும் ஏற்குமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

'மேயர்' என்பது, 'பெரியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அவர் எவ்வாறு பெரியவரானார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. நியூ யார்க்கில் குடிமக்கள் நேரே வாக்களித்து அமர்த்துகின்றனர். கிள்ளானில் மாநில அரசு நியமிக்கிறது. மலாய் வழக்கில் இவர் 'டத்தோ பண்டார்'. 'டத்தோ' பட்டமும் ஆகும். பாட்டனைக் குறிக்கும் முறைப்பெயரும் ஆகும். நாமோ தந்தை என்றோம். பாட்டனையும் தந்தையையும் எவரும் வாக்களித்துப் பெறுவதில்லை, வாக்களித்து நீக்குவதுமில்லை. ஆகவே மக்கள் தெரிந்தெடுத்தவருக்கு இவ்வுருவகம் பொருந்தாது. நியமனம் பெற்றவருக்கோ, கேள்விக்கு அப்பாற்பட்ட உரிமையை வழங்கிவிடுகிறது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. கோலாலம்பூர் மக்கள் 1952 பிப்ரவரி 16-இல் நகராட்சி உறுப்பினர் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தனர். 1957-இல் மாநகரமான ஜார்ஜ் டவுனின் மேயராகத் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் விளங்கினார், அவர் தமிழர், தேர்தல் வழி வந்தவர். 1961-இல் கோலாலம்பூரில் தேர்தல் மன்றம் நீங்கி, நியமன ஆணையர் வந்தார். 1972-இல் அந்நகர் மாநகரமானபோது ஆணையர் 'டத்தோ பண்டார்' ஆனார். பெயர் உயர்ந்தது, நியமனம் நியமனமாகவே நின்றது. பெயர் மாற்றத்தை மட்டும் நோக்குவார்க்கு, மக்கள் இழந்தது தோன்றாது.

1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய நாளில், நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டே அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குச் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். தேர்தலை மீட்க வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமோ அத்தேர்தல்களுக்கு முடிவு கட்டிற்று.

'தந்தை மரியாதைச் சொல்லன்றோ?' எனச் சிலர் வினவலாம். மரியாதைக்கு நாம் பகையல்லேம். ஆயின், அலுவற் பெயரின் முதற்கடமை அலுவலை உணர்த்துதல். வணக்கம் அதன் பின்னரே. இதற்குப் புதுச்சொல் தேடி அலையவும் வேண்டா. இலங்கைத் தமிழர் 'மாநகர முதல்வர்' என வழங்குவர். சென்னையில் மேயர் வேறு, அரசு நியமிக்கும் ஆணையர் வேறு. தேர்தலால் வந்தவரை முதல்வர் என்க. நியமனத்தால் வந்தவரை ஆணையர் என்க. சட்டப் பெயரையே எழுத நேரின் 'நியமனம் பெற்ற' என்னும் அடையைச் சேர்த்து எழுதுக.

'நகரத் தந்தையை யார் தேர்ந்தெடுத்தார்?' என்று கிள்ளான் மாணவன் ஒருவன் வகுப்பில் வினவுவானாயின், ஆசிரியர் அதனை இலக்கணத்துக்குப் புறம்பானதெனத் தள்ளலாகாது. இராமநாதன், ஆதி நாகப்பன் என்னும் இருவர் வரலாற்றையும் அவனுக்கு எடுத்துரைக்க அதனினும் ஏற்ற வேளை வாய்ப்பதரிது.