ஊற்றியவளின் நாக்கு

புறநானூற்றின் 56ஆம் பாட்டை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தை வேகமாகக் கடந்துவிடுவேன். நன்மாறன் என்னும் பாண்டியனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் வாழ்த்தும் பாட்டு அது. யவனர் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்து வாழ்வாயாக என்கிறார் புலவர். யவனர் யார் என்று உரைகள் விளக்கும். கலம் என்றது மரக்கலமா மதுக்கலமா என்று வாதிடும். தேறல் என்பது தெளிந்த மது, 'தேறு' என்பதிலிருந்து வந்தது என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். அந்தப் பெண்கள் அதைச் சுவைத்தார்களா என்ற கேள்வி எந்த உரையிலும் இல்லை. நானும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு புட்டி. மெல்போர்னில் வாழும் என் பழைய மாணவி போன பங்குனியில் நார்த்தாமலைக்கு வந்தாள். முத்துமாரியம்மன் திருவிழா நேரம். கணவரோடு என் அம்மா வீட்டில் தங்கினாள். யாரா பள்ளத்தாக்கின் குளிர்ந்த சரிவொன்றில் விளைந்த சிரா என்னும் சிவப்பு ஒயினைக் கொண்டுவந்திருந்தாள். வெயில் காயும் பரோசா போன்ற பகுதிகளில் இதே திராட்சைக்குச் சிராஸ் என்று பெயர். அங்கே அது கெட்டியாக, பழக்கூழ்போல் இனிப்புச் சாயலோடு வரும். குளிர்ப் பகுதிக்காரர்கள் பலர் பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொண்டு, தாங்கள் செய்வது வேறு சரக்கு என்று காட்டிக்கொள்கிறார்கள். ஒயின் கோப்பை எங்கள் வீட்டில் ஏது? பாயசத்துக்கு வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினோம்.

"குடிக்காதீங்க மேம், முதல்ல மோந்து பாருங்க" என்றாள். முகர்ந்தேன். மிளகு. அரைத்து ஆறிப்போன தூளின் வாசம் அல்ல, உரலில் முதல் இடி விழும்போது எழுமே, அது. அடுத்து நாவல் பழத்தின் துவர்ப்பு. வாயில் வைத்தபோது இனிப்பே இல்லை. புளிப்பு ஓரமாக வந்தது, நாக்கின் இரு பக்கமும் இறுக்கிக்கொண்டது. மிளகு என்று சொன்னதும் அவள் கணவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. சும்மா லேபிள்ல எழுதுறதைப் படிச்சுட்டு எல்லாரும் மிளகு மிளகுங்கிறாங்க." லேபிளில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுப்படியில் இருந்த அம்மாவிடம் டம்ளரை நீட்டினேன். வாங்காமலே மூக்கை மட்டும் கிட்டே கொண்டுவந்தார். "வறுக்காத மிளகு" என்று சொல்லிவிட்டுப் பொங்கலைக் கிளறப் போய்விட்டார்.

அம்மனுக்குப் படைக்கும் பொங்கலை அம்மா ருசி பார்த்ததில்லை. படையலுக்குமுன் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு, வேக்காடு, நெய் எல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நம் வீடுகளில் எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்தப் பயிற்சியில் தேறியவர்கள்! சுவைக்கும் உரிமை இல்லாமலே சுவையைப் பற்றிய பொறுப்பு முழுவதையும் சுமந்தவர்கள். உப்பு கூடினால் திட்டு அவளுக்கு. சரியாக இருந்தால் அது கைப்பக்குவம். நாக்குப் பக்குவம் என்று ஒரு சொல் அவளுக்காக நம்மிடம் புழங்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், கிளாடியா வுட் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரையொன்றில், இந்த மிளகு வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுசொன்னார்கள். ரொட்டண்டோன். நாம் ரசத்துக்கு இடிக்கும் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தால் போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். குளிர்ந்த ஆண்டுகளிலும், குளிர்ந்த நிலங்களிலும், கொத்துக்கு நிழல் விழும் பக்கத்திலும் இது கூடுதலாகச் சேர்கிறது. நாங்கள் முகர்ந்தது அந்தச் சரிவின் குளிரைத்தான் என்று சொல்லலாம். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது: சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் அறவே தெரியவில்லை. நண்பரின் மூக்கு அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். அது குறையல்ல. தனக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று சிரிக்கும் அந்த உறுதிதான் நமக்குப் பழக்கமானது. வலி என்று சொன்னபோது, பயம் என்று சொன்னபோது நாம் கேட்ட சிரிப்பு அது.

ரொட்டண்டோன் என்ற பெயர் கோரையின் தாவரப் பெயரான சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்பதிலிருந்து வந்தது; அதன் கிழங்கிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் பெண்கள் குனிந்து குனிந்து பிடுங்கியெறியும் அதே கோரை. அதன் கிழங்கைக் காயவைத்துப் பூலாங்கிழங்கோடும் கஸ்தூரி மஞ்சளோடும் அரைத்துத்தான் அம்மா எங்களைக் குளிப்பாட்டினார்.

சிரா திராட்சையைப் பற்றி உலகம் சொல்லிக்கொண்டிருந்த கதையிலும் ஒரு வீரன் உண்டு. பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் ஹெர்மிடாஜ் என்று ஒரு குன்று. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஸ்டெரிம்பெர்க் என்னும் வீரன் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து கொடியைக் கொண்டுவந்து அங்கே நட்டுத் துறவியாக வாழ்ந்தான் என்பார்கள். ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி என்ற ஆங்கில விமர்சகர் 1920இல் வெளியிட்ட தன் நிலவறைக் குறிப்புகளில், தான் குடித்த பிரெஞ்சு ஒயின்களிலேயே ஆண்மை மிக்கது ஒரு பழைய ஹெர்மிடாஜ்தான் என்று புகழ்ந்தார். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. மென்மையானது பெண், திண்மையானது ஆண் என்ற அணியிலக்கணம் ஒயின் எழுத்தில் நெடுங்காலம் நடந்தது. நம் புலவர்கள் வில்லை ஆணுக்கும் கொடியைப் பெண்ணுக்கும் பங்கிட்டது போலத்தான்.

இந்தக் கதையை முடித்துவைத்தவர் கரோல் மெரடித். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை மரபியல் பேராசிரியர். கபர்னே சாவினியோனின் பெற்றோரைக் கண்டறிந்தது அவருடைய ஆய்வுக்கூடம். 1998இல், பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களோடு சேர்ந்து, சிராவின் டி.என்.ஏ.வைப் படித்துச் சொன்னார்கள்: பாரசீகமும் இல்லை, வீரனும் இல்லை. தென்கிழக்குப் பிரான்சின் உள்ளூர்ப் பிள்ளை இது. தந்தை துரேசா என்னும் கறுப்புத் திராட்சை. தாய் மோந்தூஸ் பிளாஞ்ச் என்னும் வெள்ளைத் திராட்சை. ஆண்மை மிக்க ஒயினுக்கு வெளிர்நிறத் தாய் ஒருத்தி இருந்திருக்கிறாள், பெயர் தெரியாமல். மெரடித் அதோடு நிற்கவில்லை. கணவர் ஸ்டீபன் லாகியரோடு நாபா பள்ளத்தாக்கின் மேற்கே, விரிகுடாக் காற்று படும் மவுண்ட் வீடர் மலையில் சிராக் கொடி நட்டு, 'லாகியர் மெரடித்' என்று இருவர் பெயரிலும் ஒயின் செய்தார். புட்டியில் ஒட்டிய தாளில் அவர் பெயரும் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தோட்டத்தில் கொத்து நறுக்கும் பெண்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இருப்பதில்லை. நாசிக்கிலும் இல்லை, நாபாவிலும் இல்லை.

அதே டேவிஸில் அவருக்கு முன்னால் ஆன் நோபிள் இருந்தார். 1974இல் அத்துறையில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண். எண்பதுகளில் அவர் உருவாக்கிய மணச் சக்கரம் ஒயின் பேச்சிலிருந்து ஆண்மை, பெண்மை, கம்பீரம் போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, யார் வீட்டு அடுக்களையிலும் எடுத்து முகர்ந்து பார்க்கக்கூடிய பெயர்களை வைத்தது. கிராம்பு, கருமிளகு, காய்ந்த புல். திறனாய்வு படிக்கும் மாணவிகளுக்கு இதை நான் சொல்வதுண்டு. ரசனைச் சொற்களைச் சோதிக்கத்தக்க சொற்களாக மாற்றியது ஒரு விமர்சன வேலை. நம் உரைகளின் 'இன்சுவை', 'நயம்' எல்லாம் அந்தச் சக்கரத்தில் நிற்குமா?

யவனர் தேறலுக்குத் திரும்புகிறேன். அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்னும் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. 1989 முதல் அங்கே மீண்டும் அகழ்ந்தவர் விமலா பெக்லி. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இது காஸ் தீவு, இது காம்பானியா என்று ஊர் சொன்னவர் எலிசபெத் லைடிங் வில். இரண்டு பெண்கள். காஸ் தீவு மதுவில் கடல்நீர் கலப்பார்கள். நக்கீரனார் குளிர்ந்து மணக்கிறது என்று கொண்டாடியதில் கொஞ்சம் உப்பும் இருந்திருக்கலாம். அந்த வணிகம் எங்கள் மண்ணிலும் தங்கத்தை விட்டுப்போயிருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. பொன் வந்தது, மது வந்தது, மிளகு போனது. பல நூற்றாண்டுக்குப் பின் நார்த்தாமலையே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் தளமாயிற்று. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆனது என்பார்கள்.

மதுவை அனுப்பிய ரோமிலும் நிலைமை பார்த்துக்கொள்ளுங்கள். பழங்கால ரோமில் பெண்கள் மது அருந்தக் கூடாது என்று பிளினி எழுதுகிறார். பீப்பாயிலிருந்து குடித்ததற்காக மனைவியை அடித்துக்கொன்ற ஒருவனை ரோமுலஸ் விடுவித்தான் என்ற கதையைச் சொல்கிறார். உறவினர் பெண்களை முத்தமிடுவது வாயில் மதுவாடை வருகிறதா என்று பார்க்கத்தான் என்று கேட்டோ சொன்னதையும் குறிக்கிறார். பாசத்தின் சடங்கு ஒன்று வேவு வேலையாக இருந்திருக்கிறது.

நம் பக்கம் வேறு மாதிரி இருந்ததா? கொஞ்சம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுப்பது போல, மட்டை நீக்கி மதுவை மகிழ்கிறார்கள். இது வேண்டாம், அது வேண்டும் என்று பிரித்தறியும் நாக்கு அங்கே இருக்கிறது. ஔவையாரோ அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டில் கள்ளைக் கணக்கோடு நினைக்கிறார்: சிறிதளவு கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, மீந்ததைத் தானும் உண்டு மகிழ்வான். அதே பாட்டில் நரந்தம் மணக்கும் அவன் கையும் புலால் நாறும் தன் தலையும் வருகின்றன. துக்கத்தை மூக்கால் நினைவுகூர்ந்தவள் அவள். வளையணிந்த பெண்ணுக்கு 56இல் இல்லாத நாக்கு 235இல் ஔவைக்கு இருக்கிறது. ஒருத்தி அரண்மனைப் பணிப்பெண், ஒருத்தி புலவர் என்பதை மறக்காமல்தான் சொல்கிறேன். வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு வந்தால் குடிப்பவன் மகன்; தாய் அதைக் கண்டு முகம் சுளிப்பவள்.

இதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது என்பதையும் மறைக்கவில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே டாஸ்மாக் வழியாக நடத்தும் மாநிலம் இது. என் வகுப்பில் அப்பாவின் குடியால் படிப்பை விட்டவர்கள் உண்டு. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் சாராயக் கடையை மூடவைத்த பெண்களுக்கு ஒயின் வாசம் பற்றிய கட்டுரை தேவையில்லை. குடிக்கும் உரிமையைப் பற்றி நான் பேசவில்லை. அம்மா அன்று ஒரு சொட்டும் குடிக்கவில்லை, ஆனால் எங்கள் மூவரிலும் அவர் சொன்னதே துல்லியம். அந்தத் தீர்ப்பு யார் காதிலும் விழவில்லை என்பதே என் வழக்கு.

மேலமலையில் பழியிலி ஈசுவரம் என்று ஒரு குடைவரை இருக்கிறது. நிருபதுங்கவர்மன் காலத்தில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் தலைவன் குடைந்தது. அதற்கு முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்தவள் அவன் மகள் சிறிய நங்கை என்று கல்வெட்டு சொல்கிறது. பக்கத்து விசயாலய சோழீசுவரத்தின் அழகில் எல்லோரும் நின்றுவிடுவதால் இவளைத் தேடிப் போகிறவர் குறைவு. மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். இறங்கும்போது 56ஆம் பாட்டைப் பற்றி என் கேள்வியைப் போட்டேன்: அந்தப் பெண்கள் சுவைத்திருப்பார்களா?

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, வீட்டில் டீக்கடை நடத்துகிறவர்கள், கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ராசாவுக்குக் குடுக்கிறதுன்னா விசம் இருக்கான்னு பாக்கவாச்சும் குடிக்கச் சொல்லியிருப்பாங்கல்ல மேம்?"

பதில் சொல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தேன். அடுத்த வகுப்பில் 235.