மேரியும் மாரியும்

எங்கம்மாவுக்கு ரெண்டு பேரு. ஞானஸ்நானத்துல மேரி, தாசில்தார் ஆபீசு காகிதத்துல மாரி. "மேரின்னா சாமி கேக்கும், மாரின்னாதான் சர்க்காரு கேக்கும்" என்று சொல்லும். மாரியின் பிள்ளையாக இருந்ததால்தான் எனக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழும் படிப்பும் கிடைத்தன.

அந்த வீட்டிலிருந்து வந்தவன் என்ற முறையில்தான் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்கிறேன். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவச் சமூகத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்கிறது அது. இந்தப் பட்டியலில் இஸ்லாமியர் இல்லை. அந்த அநியாயத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது இன்னொரு மௌனத்தை. மதங்களை எண்ணி எண்ணிச் சொல்லும் அந்த வாசகத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது.

ஆனால் அந்தப் பக்கம் துன்பப்படுகிறவர்கள் யார்? பாகிஸ்தான் பஞ்சாபின் கிறித்தவர்களில் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கூட்டம் கூட்டமாக மதம் மாறிய சூஹ்ரா என்னும் துப்புரவுச் சாதியின் வழிவந்தவர்கள். லாகூர் சாக்கடையில் இன்றும் இறங்குவது அவர்கள்தான். சிந்துவின் இந்துக்களில் மேக்வார், கோலி, பீல் மக்கள் ஏராளம். மதத்தின் பேரால் அடி விழுகிறது. அடியில் பாதி சாதிக்கு விழுகிறது. சட்டம் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறது.

2014க்குள் வந்துவிட்ட லாகூர்க் கிறித்தவரிடம் 'நீ கிறித்தவன், உள்ளே இரு' என்கிறது 2019. இங்கேயே பிறந்த எங்களிடம் 'நீ கிறித்தவன், பட்டியலை விட்டு வெளியே போ' என்கிறது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் அந்தக் கதவு திறந்தது. மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே சொல்லியும் கிறித்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்கு இன்னும் திறக்கவில்லை. விரும்பிய சாமியைக் கும்பிடலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு. கும்பிட்டால் சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வேன் என்றால் அதுக்குப் பேரு சுதந்திரமா?

சரி, இந்துவாகவே இருந்தால் காப்பாற்றிவிடுவார்களா? மரிச்ஜாப்பியை நினைத்துப் பாருங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து தண்டகாரண்யத்துக்குத் தள்ளப்பட்ட அகதிகள், பெரும்பாலும் நாமசூத்திரர்கள், 1978ல் அந்தச் சுந்தரவனத் தீவில் குடியேறினார்கள். 1979ல் மேற்கு வங்க இடது முன்னணி அரசு தீவை முற்றுகையிட்டு, சுட்டு, விரட்டியது. செத்தவர்கள் இந்துக்கள்தான். மதம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

அதனால் நம் கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். பட்டியலில் இன்னொரு மதத்தைச் சேர்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. எல்லையிலும் சரி, தாசில்தார் ஆபீசிலும் சரி, 'உன் சாமி எது' என்ற கேள்வி போய், 'உனக்கு என்ன செய்தார்கள்' என்ற கேள்வி வரவேண்டும்.

எங்கம்மா செத்தபோது கோயில் கல்லறையில் எங்க சனத்துக்கென்று ஒதுக்கிய மூலையில்தான் புதைத்தோம். சிலுவையில் மேரி, இறப்புச் சான்றிதழில் மாரி. சாதி போகலன்னு அந்த மூலைக்குத் தெரியுது, சர்க்காருக்குத்தான் தெரியல.