மத்தவிலாசப் பிரகசனம்: மேடைக்கு வாராத அறங்கூறவையம்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஓரங்க அங்கத நாடகம். 1917இல் த. கணபதி சாஸ்திரியார் அதனைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் பதிப்பித்தார். காபாலிகமும் பௌத்தமும் பாசுபதமும் காஞ்சியில் ஒருங்கே நிலவியமைக்கு அது சான்றாகக் காட்டப்படுவது பொருத்தமே. ஆயின், புத்த பிக்குவை இழித்துரைப்பதே நாடகத்தின் நோக்கம் என்னும் முடிவை அரங்கில் அதனைக் காண்பவர் ஏற்பது அரிது.

கதை சிறிது. மதுவுண்டு மயங்கிய காபாலிகன் சத்தியசோமன், துணைவி தேவசோமையுடன் திரிகையில் தன் கபாலத்தை இழக்கிறான். அதில் வறுத்த இறைச்சி இருந்தமையால் எடுத்தது நாயாக இருக்கலாம், அன்றேல் புத்த பிக்குவாக இருக்கலாம் என்று கருதுகிறான். விடை தொடக்கத்திலேயே அவன் வாயில் வந்துவிடுகிறது. எனினும் அவன் நாயைத் தேடவில்லை. ஆடைக்குள் பாத்திரத்தை மறைத்து வரும் நாகசேனனைப் பற்றிக்கொள்கிறான்.

பிக்கு வேறு வழியின்றித் தன் பாத்திரத்தை வெளியே எடுத்துக் காட்டுகிறான். கபாலம் வெண்ணிறம், இதுவோ கருநிறம். திருடியவன் நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான் காபாலிகன். வெண்மை போயிற்றே என்று தேவசோமை அழுகிறாள். படிக்கையில் இது ஒரு சொல்லாடலாகக் கடந்துபோகும். ஓர் இரவு இந்நாடகத்தை அரங்கில் கண்டபோது அவையின் சிரிப்பு இங்கேதான் மிகுதியாக எழுந்தது. கரிய பாத்திரம் அனைவர் கண்முன்னும் இருந்தது. அதனால் பயனொன்றும் விளையவில்லை. மதுவும் மகளிரும் விலக்கப்படாத மூலநூலை மூத்த பிக்குகள் மறைத்திருப்பர் என்று சற்று முன்னர் ஏங்கிய அதே நாகசேனன்பால் இப்போது அவைக்கு இரக்கம் பிறந்தது. சமயக் காழ்ப்பு மட்டுமே நோக்கமாயின் இவ்விரக்கத்திற்கு இடமிராது.

நடுவனாக வரும் பாசுபதன் வழக்கை அறங்கூறவையத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்கிறான். விகாரங்களின் செல்வத்தால் அதிகாரிகளின் வாயை நிரப்பப் பிக்குவால் இயலும், வறியோராகிய எங்களால் இயலுமா என்கிறாள் தேவசோமை. பாசுபதன் மறுத்து அவையத்தாரின் நேர்மையைப் புகழ்கிறான். நூலாசிரியன் நாடாளும் மன்னன்; எனவே அம்மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் அவ்வவையம் மேடைக்கு வரவேயில்லை. ஓரங்க நாடகத்தில் அதற்கு இடமில்லை எனச் சிலர் கூறக்கூடும். வடமொழி அரங்கில் மேடையை ஒருமுறை சுற்றி வருவதே இடமாற்றத்தை உணர்த்தப் போதுமாதலின் அவ்விளக்கம் நிலைபெறாது. மன்னன் புகழ்ந்துவிட்டுக் காட்டாது விட்டதே இந்நாடகத்தின் கூரிய அங்கதம் என்பது என் கருத்து.

சிலப்பதிகாரத்தில் அரசவையில் சிலம்பு உடைந்து உண்மையை நிறுவுகிறது. பாண்டியன் உயிர் துறக்கிறான். அங்கும் வழக்கு ஒரு பொருளைப் பற்றியதே. இங்கோ நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்த பித்தன் ஒருவன் தற்செயலாக அவ்வழியே வருகிறான். அவன் கொணர்ந்ததைக் கண்டபின் காபாலிகன் பிக்குவிடம் பொறுத்தருள வேண்டுகிறான். பிக்குவும் இன்சொல் கூறுகிறான். பகைவராக நின்றவர் நண்பராகப் பிரிகின்றனர். ‘மத்தவிலாசன்’ என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. மது மயக்கத்தின் இக்களியாட்டிற்கு அவன் தன் பெயரையே சூட்டியிருக்கிறான்.