நீச்சற் போட்டி விதிகளும் நீந்துவோர் நிலையும்

இலக்கணம் இலக்கியத்தின் பின்னே வருவது என்பது தமிழாசிரியர் பலகாலும் எடுத்துரைக்கும் கொள்கை. புலவன் ஒருவன் புதுவழி கண்டு பாடிச் சென்ற பின்னரே, அவ்வழிக்கு இலக்கண ஆசிரியன் விதி வகுக்கின்றான். நீச்சற் போட்டியின் வரலாற்றை நோக்குமிடத்தும் இம்முறையே நிகழ்ந்து வந்தமை புலனாகும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. புதிய இலக்கணம் தோன்றியமையாற் பழைய புலவன் எவனும் தன் பாட்டை இழந்தானல்லன். நீச்சல் வீரனோ, பல்லாண்டு பயின்று கைவரப்பெற்ற திறனை ஒரு மாநாட்டின் ஒரு தீர்மானத்தால் இழக்க நேர்கின்றது. ஆதலின், விதியை ஆக்கியோர் எதனைக் கருதி ஆக்கினர் என்பதும், ஆக்கிய விதி காக்கப்படத் தக்கதோ என்பதும் ஆராயத்தக்கன.

1908ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்ற சர்வதேச நீச்சற் சம்மேளனமே இவ்விதிகளுக்கெல்லாம் பிறப்பிடம். நால்வகை நீச்சல்களுள்ளே கட்டற்ற பாணிக்கு அதன் பெயருக்கேற்ப விதிகள் மிகக் குறைவு. மார்பு நீச்சலுக்கோ விதிகள் மிகப் பல. விதி மிகுந்த இடத்திலேயே வழக்கும் மிகுந்தது. இரு கைகளும் ஒருங்கே முன்செல்லல் வேண்டும், கால்கள் தவளையின் கால்கள் போல உதைத்தல் வேண்டும் என்று கூறிய பழைய விதி, முன்செல்லும் கைகள் நீரினுள்ளேதான் செல்லல் வேண்டுமென்று கூறவில்லை. 1930களில் அமெரிக்க வீரர் சிலர் இவ்விடைவெளியைக் கண்டுகொண்டனர். கைகளை நீருக்கு மேலே வீசி முன்கொணர்ந்தால், நீரின் எதிர்ப்புக் குறைந்து வேகம் கூடும். இவ்வாறு பிறந்ததே இன்று வண்ணத்துப்பூச்சி நீச்சல் என வழங்கப்படுவது.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் மார்பு நீச்சலில் வென்ற அமெரிக்கரான ஜோ வெர்டூர் இவ்வீச்சையே கையாண்டார். இறுதிப் போட்டியில் அவருடன் நீந்தியோருட் பெரும்பாலோரும் அவ்வாறே செய்தனர். 1952இல் ஹெல்சிங்கியில் அவுஸ்திரேலியரான ஜோன் டேவிஸ் 2 நிமிடம் 34.4 செக்கனில் வென்றதும் அம்முறையாலேயே. பெயரளவில் மார்பு நீச்சலாகவும் செயலளவில் வேறொன்றாகவும் நிகழ்ந்த இப்போட்டிகளைக் கண்ட பின்னரே சம்மேளனம் இரண்டையும் பிரித்து வேறுவேறாக்கியது. காலந் தாழ்த்திய செயலாயினும், இது பாராட்டத்தக்க செயலே. புதியதை ஒடுக்காமலும் பழையதை அழியவிடாமலும் இரண்டிற்கும் இடமளித்த தீர்மானம் இவ்வரலாற்றில் இதுபோற் பிறிதொன்றில்லை எனலாம். தனிநிலை பெற்ற வண்ணத்துப்பூச்சி நீச்சலில், அதுவரை விலக்கப்பட்டிருந்த டொல்பின் உதைக்கும் இடங்கிடைத்தது. ஹங்கேரியரான தும்பெக் அவ்வுதையினால் விரைவிலேயே உலக சாதனைகளைப் படைத்தார்.

பிரிவினை மார்பு நீச்சலுக்கு அமைதியைக் கொணர்ந்ததோவெனின், இல்லை. நீரின் மேற்பரப்பில் நீந்துவோன் தன் உடலால் அலையை எழுப்புகின்றான். அவ்வலையை எழுப்புவதிலேயே அவன் ஆற்றலின் ஒரு பகுதி வீணாகின்றது. போதிய ஆழத்தில் நீந்துவோனுக்கு அவ்விழப்பில்லை. இவ்வுண்மையை நன்கு பயன்கொண்டவர் யப்பானியரான மசாரு புருக்காவா. 1956இல் மெல்போர்ன் நகரில் முதல் மூன்று நீளங்களின் பெரும்பகுதியையும் அவர் நீருக்கடியிலேயே கடந்தார். பார்வையாளர் கண்டது வீரனையன்று, நீரினடியிற் செல்லும் நிழலையே. 2 நிமிடம் 34.7 செக்கனில் பொற்பதக்கம் அவருக்காயிற்று. சம்மேளனம் உடனே விழித்துக்கொண்டது. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஒரு கையிழுப்பும் ஓர் உதையும் மட்டுமே நீருக்கடியில் அனுமதிக்கப்படும், ஏனைய வேளைகளில் தலை நீருக்கு மேலே தோன்றல் வேண்டும் என விதி பிறந்தது. நான்காண்டு கழித்து உரோமில் நடந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கரான பில் மலிக்கன் வென்ற காலம் 2 நிமிடம் 37.4 செக்கன். உலகின் தலைசிறந்த வீரனும் முன்னையோனிலும் ஏறக்குறைய மூன்று செக்கன் பிந்தி வர நேர்ந்தமை வீரனின் குறையன்று, விதியின் விளைவே.

இவ்விலக்கை வன்மையாகக் கண்டிப்பதற்கில்லை. கடும் முயற்சியின்போது மூச்சை நெடுநேரம் அடக்குதல் மயக்கத்திற்கு ஏதுவாகும்; இளைஞர் அதனைப் பயிற்சியாகக் கொள்வது ஆபத்தானது. அன்றியும் நடுவர் காணவியலாத நீச்சலுக்கு நடுவர் எதற்கு? ஆயின் தலை எப்பொழுதும் மேலே இருத்தல் வேண்டுமென்னும் பகுதி தேவைக்கு மிஞ்சிய காவலாய் அமைந்தது. முப்பது ஆண்டளவு நிலைத்த அக்கட்டு 1987இல் தளர்த்தப்பட்டது. ஒவ்வொரு வீச்சிலும் ஒருமுறை தலை வெளிப்பட்டாற் போதும் என்றாயிற்று. ஹங்கேரியிற் பிறந்த பயிற்றுநரான யோசெப் நாஜி வகுத்த அலைமுறை நீச்சல் இத்தளர்வினாற் பெரும்பயன் பெற்றது. அவர்பாற் பயின்ற அமெரிக்கரான மைக் பறோமன் 1992இல் பார்சிலோனாவில் 2 நிமிடம் 10.16 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். தடை நீக்கிய விதியொன்று நீச்சலின் வடிவத்தையே அழகுபடுத்தியதற்கு இது சான்று.

நீருக்கடி வழக்கு மல்லாந்த நீச்சலிலும் எழுந்தது. அமெரிக்க மாணவரான டேவிட் பேர்க்கொஃப், புறப்பட்டவுடன் மல்லாந்தபடியே டொல்பின் உதையுடன் முப்பது மீற்றருக்கு மேலாக நீருக்கடியிற் செல்வார். 1988இல் சியோலில் 100 மீற்றர்த் தகுதிச் சுற்றிலே 54.51 செக்கனில் உலக சாதனை படைத்தார். ஆயின் இறுதியில் அதே உத்தியைக் கையாண்ட யப்பானியரான டைச்சி சுசுக்கி 55.05 செக்கனில் அவரை வென்றார். இவ்வுதையை யப்பானியர் ‘வசாலோ’ என வழங்குவர். அவர்களுக்கு முன்னரே இதனைக் கையாண்ட ஜெசி வசாலோ என்னும் அமெரிக்க வீரரின் பெயர் அது. ஒலிம்பிக் முடிந்தவுடன் சம்மேளனம் நீருக்கடித் தூரத்தைப் பத்து மீற்றராக வரையறுத்தது. 1991இல் அதனைப் பதினைந்தாக்கியது. பத்து ஏன், பதினைந்து ஏன் என வினவினால் விடை கூறுதல் அரிது. எனினும் பதினைந்து மீற்றர் என்பது தடாகத்தின் கயிற்றிற் குறியிட்டுக் காட்டத்தக்க எல்லை. வீரனும் அதனைக் காண்பான், நடுவரும் காண்பார். பேர்க்கொஃப் இவ்வெல்லைக்குட்பட்டும் 1992இல் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

வண்ணத்துப்பூச்சி நீச்சலில் உருசியரான டெனிஸ் பங்கிராத்தொவ் 1996இல் அட்லாண்டாவில் இரு பொற்பதக்கங்களை வென்றது நெடுந்தூர நீருக்கடி உதையின் துணையாலேயே. 1998இல் பதினைந்து மீற்றர் எல்லை இந்நீச்சலுக்கும் வந்தது. இதனாற் பெரிதும் தாக்குண்டவர் அமெரிக்க மங்கையான மிஸ்ரி ஹைமன். பக்கவாட்டிற் சாய்ந்து மீன் வாலசைப்பதுபோல் உதைக்கும் முறையில் அவர் பயிற்றப்பட்டவர். நீருக்கடியே அவர் வலிமை. அவ்வலிமை பறிக்கப்பட்ட பின்னரும் 2000இல் சிட்னியில், உலக சாதனையாளரான சூசி ஓநீலை அவர்தம் நாட்டு மக்கள் முன்னிலையிலேயே 200 மீற்றரில் வென்றார். இதனைக் காட்டி, விதி மாற்றத்தால் எவருக்கும் தீங்கில்லை என வாதிப்போர் உளர். அது பொருந்தா வாதம். மீண்டெழுந்த ஒருவரை உலகம் அறியும். மீளாதோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதுவரை கூறிய விதிகள் யாவும் கண்ணாற் காணத்தக்கவை. 2005ஆம் ஆண்டின் திருத்தமோ அத்தகையதன்று. முந்திய ஆண்டில் ஏதென்ஸ் நகரிலே 100 மீற்றர் மார்பு நீச்சலில் யப்பானியரான கொசுக்கே கித்தாஜிமா 1 நிமிடம் 0.08 செக்கனில் வென்றார். உலக சாதனையாளரான பிரெண்டன் ஹான்சன் 0.17 செக்கன் பிந்தினார். நீருக்கடிப் படங்களில் வென்றவர் ஒரு டொல்பின் உதை உதைத்தமை தெரிகின்றதென ஹான்சனின் தோழரான ஆரன் பியர்சொல் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். அன்று அவ்வுதை விலக்கப்பட்டது. அன்று நீருக்கடிப் படம் தீர்ப்புக்குச் சான்றாகக் கொள்ளப்படவுமில்லை. சம்மேளனம் செய்தது யாது? வழக்கை ஆராயாது, ஓர் உதையை அனுமதித்து விதியை மாற்றியது. விதியை மீறியோரைக் கண்டறிய இயலாமையால் மீறலையே விதியாக்கிய செயல் இது.

ஒன்றை அனுமதித்தவிடத்து இரண்டாவதும் மூன்றாவதும் புகுதல் எளிது. நுரை சூழ்ந்த நீரில் ஓர் உதையையும் மூன்று உதைகளையும் கரையில் நிற்கும் நடுவர் எங்ஙனம் பிரித்தறிவார்? 2012இல் இலண்டனில் 58.46 செக்கனில் உலக சாதனையுடன் வென்ற தென்னாபிரிக்கரான கமரன் வான் டேர் பேர்க், தாம் ஒன்றுக்கு மேற்பட்ட உதைகளை உதைத்ததைப் பின்னர்த் தாமே ஒப்புக்கொண்டார். பிறரும் அவ்வாறே செய்வதால் தாம் செய்யாவிடிற் பின்தங்க நேரும் என்பது அவர் கூறிய காரணம். பதக்கம் அவரிடமே இருந்தது. அவரைப் பழிப்பதினும், அத்தகைய நெருக்கடியில் வீரரை நிறுத்திய விதியைப் பழிப்பதே முறை. ஒரேயோர் உதையுடன் மேலெழுந்து, நேர்மையாக நீந்திப் பின்தங்கிய வீரன் ஒருவன் இருந்தானாயின், அவனுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டோர் விதி வகுத்தோரேயாவர்.

2023இல் உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பு எனப் புதுப்பெயர் பூண்ட இதே நிறுவனம், மல்லாந்த நீச்சலின் முடிவிலே தலை இறுதி ஐந்து மீற்றர்க் குறியைக் கடந்த பின் வீரன் முழுமையாக நீருள் மூழ்கியபடியே சுவரைத் தொடலாமென அனுமதித்தது. அதற்கு முன் அவ்வாறு தொட்டவர் தகுதிநீக்கம் பெறுவர். கைநீட்டிப் பாயும் கணத்தில் உடல் மூழ்கிற்றோ இல்லையோ என்று கரையிலிருந்து துணிதல் அரிதாதலின், இவ்வனுமதி நடுவரின் ஐயத்தை ஒருவாறு தீர்க்கும். தொடக்கத்திற் பதினைந்து, முடிவில் ஐந்து என இருபது மீற்றர் இப்பொழுது நீருக்கடிக்கு உரியவை. ஐம்பது மீற்றர்ப் போட்டியில் மல்லாந்து நீந்துவோன் மேற்பரப்பில் நீந்தியே ஆகவேண்டிய தூரம் முப்பது மீற்றர்.