பார்வையற்றோரை ஆக்குவோர் யார்?

நோயால் கண்ணிழப்பர், விபத்தால் இழப்பர், முதுமையால் இழப்பர். இதுதானே நாம் அறிந்தது? இல்லை, பார்வையற்றோர் ஆக்கவும்படுகின்றனர் என்றார் ஓர் அமெரிக்கச் சமூகவியலறிஞர். ராபர்ட் ஏ. ஸ்காட் 1969-இல் வெளியிட்ட 'தி மேக்கிங் ஆஃப் பிளைண்ட் மென்' என்னும் நூலின் மையக் கருத்து அது. அரை நூற்றாண்டு கடந்த நூலை இன்று எடுத்து ஆராய்வானேன் என்று தோழர்கள் கேட்கலாம். அந்நூல் தொட்ட புண்ணுக்கு அமெரிக்க அரசு முழுமையாக மருந்திட முனைய 2016 வரை ஆயிற்று, அதனால்தான்.

சட்டம் கூறும் பார்வையின்மை, முற்றிருள் அன்று. நல்ல கண்ணுடையார் 200 அடித் தொலைவில் காண்பதை, கண்ணாடி அணிந்தும், இரண்டில் நல்ல கண்ணாலும், 20 அடிக்கு நெருங்கினால்தான் ஒருவர் காண்பார் எனில், அமெரிக்கச் சட்டப்படி அவர் பார்வையற்றவர். பார்வைப் புலம் 20 பாகைக்குள் சுருங்கினாலும் அவ்வாறே. எனவே சட்டத்தின் பட்டியலில் இருப்போர் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. எஞ்சிய பார்வையோடு வாயிலில் நுழைபவரை, உள்ளே இருக்கும் தொண்டு நிறுவனம் பார்வையற்றவராகவே நடத்துகிறது. நாளடைவில் அவரும் அவ்வண்ணமே நடந்துகொள்ளப் பழகுகிறார். உதவி பெறப் போனார். வேடம் பெற்றுத் திரும்பினார்! இன்னொன்றையும் ஸ்காட் சுட்டினார்: பார்வையற்றோரில் பெரும்பாலோர் முதியவர்; நிறுவனங்கள் தேடிச் சென்றதோ சிறுவரையும் வேலைக்கு உகந்தவரையும். இளம் முகங்கள் நன்கொடையாளர் நெஞ்சை உருக்கும் அல்லவா?

நூலின் சிறந்த பகுதி, மறுவாழ்வு நெறிகள் இரண்டை அது பிரித்துக் காட்டுவதாகும். ஒன்று, இழந்த திறனை மீட்டு மனிதனை வெளியுலகுக்கு அனுப்புவது. 1948-இல் இல்லினாய் மாநிலத்து ஹைன்சில், போரில் கண்ணிழந்த வீரர்களுக்காகத் தொடங்கிய நிலையம் நீண்ட கோலைக் கையில் தந்து தெருவில் நடக்கப் பயிற்றியது இவ்வகை. மற்றொன்று, பார்வையற்றவருக்கென்றே ஒரு தனி உலகைக் கட்டி அதற்குள் அமர்த்துவது. அக்கட்டடத்துக்குள் எல்லாம் எளிது. ஆனால் வாயிலைத் தாண்டினால் வெளியுலகம் அந்நிய நாடு!

அத்தனி உலகின் தொழிற்சாலைதான் காப்புப் பட்டறை. துடைப்பமும் கூட்டுமாறும் செய்யும் இடம். 1938-இல் இரு சட்டங்கள் பிறந்தன. வாக்னர் - ஓடே சட்டம், இத்தகைய பட்டறைப் பொருள்களை அரசு வாங்க வழிசெய்தது. அதே ஆண்டின் தொழிலாளர் ஊதியச் சட்டமோ, உடற்குறையால் உழைப்புத் திறன் குன்றியோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கச் சான்றிதழ் அளித்தது. சந்தையைத் தந்த கை ஒன்று. கூலியை வெட்டிய கை மற்றொன்று. இதற்கு இரக்கம் என்று பெயர்!

ஸ்காட்டிடம் நாம் வேறுபடுவது இங்கேதான். 'ஆக்குதல்' என்ற சொல், பார்வையற்றோர் குயவன் கைக் களிமண் என்பது போன்ற எண்ணத்தை எழுப்புகிறது. களிமண் கிளர்ந்தெழுமோ? எழுந்ததே! பள்ளிப் பருவத்திலேயே பார்வையை இழந்து, அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியராய் உயர்ந்த ஜேக்கபஸ் டென்புரோக், 1940-இல் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார். நம்மைப் பற்றி நாமே பேசுவோம் என்ற குரல், இந்நூலுக்கு 29 ஆண்டுகள் முன்பே ஒலித்தது. ஆக்குவோரை அளந்த அளவுக்கு, ஆக மறுத்தோரை நூல் அளக்கவில்லை என்பது நம் மதிப்பீடு.

அரசுக் கட்டடங்களில் பார்வையற்றோர் சிறுகடை நடத்த 1936-ஆம் ஆண்டின் ராண்டால்ஃப் - ஷெப்பர்டு சட்டம் இடம் தந்தது. பலர் நடமாடும் இடத்தில், பலரோடு வாணிகம்! பட்டறையினும் மேலானது என்போம்.

நூல் வந்த பின்னரும் கணக்கு மாறவில்லை. தொழில் மறுவாழ்வுத் துறை ஒருவரைப் பட்டறையில் விட்டுவிட்டு, 'வேலை கிடைத்தது' என்று கோப்பை மூடலாம். 2001-ஆம் ஆண்டு விதிதான் அதைத் தடுத்தது. வேறொரு வழி அதன் பின்னும் திறந்தே இருந்தது. பயிற்சி முடித்து ஊதியம் ஏதுமின்றி வீட்டுவேலை பார்ப்பவரை 'இல்லம் நடத்துபவர்' என்றெழுதி, அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்தனர். பார்வையற்றோர் கோப்புகளில் இம்முடிவு மிகுதி. இல்லத்து உழைப்பை மதித்தா எழுதினர்? மதித்திருந்தால் கூலி எங்கே? ஊதியமுள்ள, மற்றவரோடு கலந்து செய்யும் வேலையே வேலை என்று 2014-இல் வந்த சட்டத்தையொட்டி, 2016-ஆம் ஆண்டு விதிகள் அக்கணக்கை நீக்கின.